நான்காம் முடிச்சு

கயிறு நான் திரித்தது.
மேலப்பாளையத்துத் தறிநூல், ஐந்து புரி.
பொதிகைத் தேன்மெழுகு தடவி
நகம் பட்டால் கிணுங்கும்வரை இழுத்தது.
பலகை எருமைக்கொம்பு, உள்ளங்கையில் பாதி.
நடுவே துளை, துளைக்குள் கயிறு.
அரபியருக்கு அது கமால்.
காயல்பட்டினத்தில் எங்களுக்கு ராப்பலகை.
ஐந்து மாலுமிகளுக்கு முடிச்சிட்டிருக்கிறேன்.
ஆறாவது ஆள் என் வீட்டுக்காரர்.
அவருடைய வாப்பாவின் கயிறு இந்த வருஷம் இற்றுப்போயிற்று.

கீழ்விளிம்பு கடல்கோட்டில்,
மேல்விளிம்பு வடக்கு மீனில்,
கயிறு பல்லில்.
எந்த முடிச்சு பல்லுக்கு வருகிறதோ
அந்தத் துறையின் நேருக்கு வந்துவிட்டது தோணி.
தெற்கே போகப் போக மீன் தாழும், கயிறு நீளும்.
மலாக்காவுக்கு நான் முடிச்சுப் போடுவதில்லை.
அங்கே மீன் கடலில் நனைந்து கிடக்குமாம்.

சாப்பிட்டுக்கொண்டே துறைகளைச் சொன்னார்:
கோழிக்கோடு, நாகப்பட்டினம், கொச்சி,
காயல், திருகோணமலை,
கொழும்பு, காலி, அச்சி.
எட்டு, என்றேன்.
ஏழு முடிச்சு போதும், என்றார் உதுமான் மாலுமி,
முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி.
நமக்கும் திருகோணமலைக்கும் ஒன்றுதான்.
இங்கே மீன் நிற்கிற உயரத்தில்தான் அங்கேயும் நிற்கும்.
வடக்கு எவ்வளவு என்று பலகை சொல்லும்.
கிழக்கா மேற்கா என்று அதைக் கேட்கக் கூடாது.

நான் கேட்கவில்லை.

திருகோணமலையில் சரக்கு இறங்குவதில்லை.
தண்ணீர் பிடிக்க மட்டும் ஒதுங்குவோம், என்பார்.
போன வருஷம் பதினெட்டு நாள் தண்ணீர் பிடித்தார்.
தோணிச் சமையல்காரனின் பெண்சாதி
பெண்கள் நடக்கும் முடுக்கில் என்னை நிறுத்தி
ஒரு பெயரை மட்டும் சொன்னாள்.
சல்மத்தும்மா.
அதற்குமேல் சொல்ல வாயெடுத்தவளுக்கு
எதிரே யாரோ வந்துவிட்டார்கள்.

இந்த வீடு என் பேரில்.
எங்கள் ஊர் வழக்கம், மாப்பிள்ளைதான் வந்து தங்குவார்.
அங்கேயும் அவளுக்கு வீடு இருக்கும்.
அங்கே அரை நாழிகை முந்தி இருட்டும்.
மஃரிபு முடித்து அவள் மாடியேறினால்
என் மீனை எனக்கு முன்னால் பார்ப்பாள்,
அதே உயரத்தில்.

மூன்று முடிச்சுப் போட்டேன்.
நான்காவதில் கை நின்றது.
பலகைப் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளினால் போதும்.
காயல் என்று நம்பிக் கடிப்பார்,
சேதுத் திட்டில் மணலேறும் தோணி.
அல்லாஹ் அறிவான், தள்ளியும் பார்த்தேன்.
பிறகு ஆட்களை எண்ணினேன்.
பத்தொன்பது பேர்.
அதில் சமையல்காரன் ஒருவன்.
அவன் பெண்சாதியை நாளையும் முடுக்கில் பார்க்க வேண்டும்.

மாடிக்குப் போய்,
கடல்கோடும் மீனும் சேர்ந்து தெரிகிற
அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்
மூன்று முறை அளந்தேன்.
இருக்க வேண்டிய இடத்திலேயே இறுக்கினேன்.

அப்புறம் அடுப்படியில்
கரியபோளத்தை உரைத்தேன்.
சின்னவனுக்குப் பால் மறக்கடிக்க வாங்கியதில் மிச்சம்.
நான்காம் முடிச்சை மட்டும் அதில் ஓர் இரவு ஊறவைத்து
மேலே மெழுகு பூசினேன்.
மெழுகு பல்லில் விடும்,
கசப்பு விடாது.

மார்கழியில் போனவர் வைகாசியில் வந்தார்.
கயிறு நல்ல கயிறு, என்றார்.
ஒரு முடிச்சு மட்டும் பாசி பிடித்தாற்போல் கசக்கிறது.
எந்தத் துறையில் முதலில் கசந்தது என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
செம்பை நீட்டி,
கொஞ்சம் சீனி போடு, என்றார்.
போட்டேன்.