இரண்டு கோடுகள்

சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவே
ஹார்ல்பி சாலை வளைகிற இடத்தில்
ஒரு விமானத்தின் சுழல்விசிறி, ஓர் இதழ் மடங்கியது.
அதன் கீழே கருங்கல்.
கல்லில் ஐந்து பெயர்.

ஊராட்சி மன்றத்தின் எழுத்தர் நான்.
குப்பைத்தொட்டி, தெருவிளக்கு, கல்லறைப் புல்
எல்லாம் என் கோப்புகளில்.
நவம்பர் பதினொன்று காலை
அந்த ஐந்து பெயரை உரக்கப் படிப்பதும் என் வேலைதான்.
பத்தொன்பது வருஷம் படித்தேன்.
கடைசிப் பெயர்: மைக்கல் கோலாக்ஸ்.
பிறகு ஊதுகொம்பு. பிறகு இரண்டு நிமிடம்.
பிறகு மன்றக் கூடத்தில் தேநீர்.

மார்ச்சில் ஒருத்தி வந்தாள்,
வெங்காயத்தாள் கட்டும் கொட்டகையின் ரப்பர் காலணியோடு.
கிங்கா என்றாள்.
குடும்பப் பெயரை நான் கேட்கவில்லை.
எழுதத் தெரியாது என்று பயம்.
"கல்லில் இரண்டு கோடு குறைகிறது" என்றாள்.

ஒரு ரசீதின் பின்பக்கம்
எல் எழுத்தைப் போட்டு
அதன் இடுப்பில் சாய்வாக ஒரு கீறல்.
"கோடு இல்லையென்றால் ல.
இருந்தால் வ.
அவன் மைக்கல் இல்லை, மிஹாவ்.
கோலாக்ஸ் என்று உலகத்தில் எவனும் இல்லை.
கோவாச். எங்கள் பக்கம்
கல்யாணத்துக்குச் சுடும் வட்ட ரொட்டி."

பழைய கோப்பைத் தேடினேன்.
நாற்பத்தாறாம் வருஷத்துத் தட்டச்சுப் பட்டியல்.
அந்த எந்திரத்தில் அப்படியொரு விசை கிடையாது.
யாரோ பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார்கள்,
மெல்லிசாக, இரண்டு இடத்திலும்.
யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.
காகிதம் அங்கே மட்டும் பஞ்சுபோல.

மாவட்டத்துக்கு எழுதினேன். பதில் வந்தது:
பாதுகாக்கப்பட்ட சின்னம். திருத்த ஒப்புதல் வேண்டும்.
எழுத்து ஒன்றுக்கு இத்தனை பவுண்டு.
கோடு எழுத்தா இல்லையா என்பது
பரிசீலனையில்.
கோடை முழுக்கப் பரிசீலனையில்.

அவன் பிறந்த ஊரும் கல்லில் இருக்கிறது.
அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர், வேறு நாடு.
எல்லை என்று எவரோ இழுத்த கோடு
அதைத் தாண்டிப் போய்விட்டது.
அந்தக் கோட்டுக்கு யாரிடமும் யாரும்
ஒப்புதல் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில்
படுத்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.
பத்தொன்பது முறை ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறேன்.
அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.
வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று
தொப்பியைக் கையில் சுருட்டியபடி
சும்மா நின்றிருப்பான்,
இருபத்திரண்டு வயதில்,
மழையில்,
மற்ற நான்கு பேரும் உள்ளே போன பிறகும்.

அக்டோபரில் ரியானன் வந்தாள்,
பழைய வேனில், உளிப்பையோடு.
கோடு ஒன்றுக்கு ஏழு தட்டு.
தூசியை ஊதினாள். "அவ்வளவுதான்" என்றாள்.
பழைய எழுத்துகளின் மேல்
புதுக் கீறல் மட்டும் வெளுப்பாக.
இரண்டு மழையில் கறுத்துவிடும் என்றாள்.
இன்னும் கறுக்கவில்லை.

பதினொன்றாம் தேதி
கைப்பேசியில் கிங்கா பதிந்து தந்த குரலைக்
காரில் போட்டுக் கேட்டுக்கேட்டு,
வாயை அசைத்து அசைத்து வந்தேன்.
நான்கு பெயர் தாண்டினேன்.
மிஹாவ் கோவாச்.

கொம்பை உதட்டுக்கு எடுக்கும் அந்த இடைவெளியில்
கூட்டத்தின் பின்னாலிருந்து
அவள் ஏதோ சொன்னாள், அவர்கள் மொழியில்.
கொட்டகைக்காரர்கள் ஏழெட்டுப் பேர்
கூடவே சொன்னார்கள்.
ஊதுகிற பையன் தடுமாறி
என்னைப் பார்த்தான். நான் அவர்களைப் பார்த்தேன்.

தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த விரல்களில்
வெங்காய வாசம் போகவில்லை.
என்ன சொன்னீர்கள் என்றேன்.
அங்கே இறந்தவன் பெயரைக் கூப்பிட்டால்
நிற்பவர்கள் பதில் சொல்ல வேண்டுமாம்:
புகழின் வயலில் வீழ்ந்தான்.

"வயலா? போர்க்களம் இல்லையா?"
"எங்களுக்கு இரண்டும் ஒரே சொல்" என்றவள்
கோப்பையோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
வெளியே கிழங்கு தோண்டும் எந்திரம்
பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு
வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.