லயம்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நான்காவது, பேச்சு.
யுகனேசின் பெயருக்கு நேரே
'மந்தம்' என்றெழுதி
பேனாவை மூடியும் ஆயிற்று.

முதலாம் ஆண்டில் இருபத்திரண்டு பேர்.
அதில் ஒன்பது பேர்
பெயர் கூப்பிட்டால் உதட்டை மட்டும் அசைப்பார்கள்.
"சத்தமா சொல்லுய்யா" என்பேன்.
கொசு இறகளவில்
கடைசியில் ஒரு 'டீச்சர்' மட்டும் கேட்கும்.

ஈப்போவில் எங்கள் வீடு சந்தைக்குப் பின்னால்.
கத்தித்தான் உப்புக் கேட்போம்.
குரல் எழாத பிள்ளைக்குள்
ஏதோ எழவில்லை என்றே
என் காது படித்திருந்தது.

பெற்றோர் கையெழுத்துக்காக
மூன்று முறை கொடுத்தனுப்பிய படிவம்
மூன்று முறையும் பைக்குள் மடிந்தே திரும்பியது.
நானே போனேன்.
கோல கெட்டில் கடைத்தெரு தாண்டி,
செம்பனை ஆலையின் புளித்த புகை தாண்டி,
மதியம் இரண்டு மணிக்கு.

லயத்தில் இருபது கதவுகள். அத்தனையும் சாத்தியிருந்தன.
ஜன்னல்களில் போர்வை, கறுப்புப் பிளாஸ்டிக்,
யாரோ வேட்பாளரின் பதாகை, திருப்பிப் போட்டு.
பாதிப் பேர் ஆலையில் ராத்திரி ஷிப்ட்டு,
மீதிப் பேர் பஸ் ஏறிப் போய் கூலிமில் கையுறை செய்பவர்கள்.
விடிய விடிய நின்ற கால்கள்
பலகைக்கு அந்தப் பக்கம் நீண்டு கிடந்தன.
பலகை என்றால்,
ஒரு தும்மல் நாலு வீடு போகும் பலகை.

பின்னால், கால்வாய் ஓரம்,
பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சத்தமே இல்லாத கபடி.

கோட்டைத் தாண்டிப் போனவன் யுகனேஸ்.
உதடு மட்டும்
கபடி கபடி கபடி.
எதிரணி அவன் வாயைப் பார்த்தது,
நடுவராயிருந்த துர்ஷினி அவன் விலாவைப் பார்த்தாள்;
மூச்சை இழுத்தால் விலா காட்டிக்கொடுக்கும்.
காட்டிக்கொடுத்தது என்றாள் அவள், இரண்டு விரலால்.
இல்லை என்றான் அவன்.
பிறகு கையால், புருவத்தால், தோளால்,
மண்ணில் கால்விரல் கிழித்த கோட்டால்
ஒரு வழக்கே நடத்தினான்.
போன மாதம்தான் மேடானிலிருந்து வந்த ரிஸ்கிக்கும்
ஒவ்வொரு வாதமும் புரிந்தது.
ரிஸ்கி சாட்சி சொன்னான்.
யுகனேஸ் ஜெயித்தான்.

"யுகனேஸ்!" என்றேன்
வகுப்பறைக் குரலில்.

பதினான்கு முகங்கள் திரும்பின,
பதினான்கு உதடுகள் மேலும் விரல்.
உள்ளே ஒரு கட்டில் முனகியது,
ஓர் இருமல் புரண்டு படுத்தது.
நாலு வயதுகூட நிரம்பாத ஒருத்தி
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
நான்காவது கட்டத்தை நிரப்பும்போது
நான் பார்க்கிற பார்வை.

படிவத்தை எடுக்கவில்லை.
முக்குக்கடையில் தே ஓ குடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆறரைக்குப் பஸ் ஹாரன் அடித்தது.
கதவுகள் வெடித்தன.
அடேயப்பா, அந்தச் சத்தம்!
பகலெல்லாம் சேர்த்துவைத்த தொண்டைகள்
ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.
யுகனேஸ் பஸ் ஜன்னலில் தொங்கியபடி
அம்மாவுக்குக் கபடி வழக்கை முதலிலிருந்து சொன்னான்,
"சத்தமா சொல்லுய்யா" என்று
என்னைப் போலவே இழுத்தும் காட்டினான்.
பஸ்ஸே சிரித்தது.
ஏறுகிறவர்களும் நிற்கிறவர்களும்
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்:
"தூங்குனியா?"
எங்கள் தெருவில் 'சாப்டியா' என்பதுபோல.

ஏழு மணிக்குப் பஸ் போய்விட்டது.
அரை மணி நேரம், அவ்வளவுதான்.
காலையில் அந்தப் பஸ் திரும்பி
அம்மாக்கள் செருப்பைக் கழற்றும்போது
நாங்கள் பள்ளி மணியை அடிக்கிறோம்.

படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில்.
அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கேட்டாயிற்று.

மறுநாள் வருகைப் பதிவு.
"யுகனேஸ்."
உதடு அசைந்தது.
காதை விட்டுவிட்டுக் கண்ணால் கேட்டேன்.
ஜனவரியிலிருந்து தினமும்
இதைத்தான் கேட்டிருக்கிறான்:

தூங்குனீங்களா, டீச்சர்?