பதினொரு மீட்டர்

தமிழில் இருந்ததால் அந்தப் புகார்
என் மேசைக்கு வந்தது.

"அக்காவோ அண்ணனோ, வணக்கம்.
உங்க மேப்புல நான் தினமும்
கால்வாய்க்குள்ள லாரி ஓட்டுறேன்.
பின்னாடி பதினெட்டுப் பேர் உக்காந்திருக்காங்க.
பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.
வேம்பையன், சுங்கை காடுட்."

சிரித்துவிட்டுத் திரையைத் திறந்தேன்.
உண்மைதான்.
அவர் போன தடம் நீலக் கோடாய்த் தண்ணீர் மேல்
மரக்கிடங்கு வரை போய்த் திரும்பியிருந்தது.
பக்கத்தில் சாலை
ஒரு சக்கரமும் படாமல் கிடந்தது.

தாள் முழுக்க அப்படி.
எவரோ எப்போதோ ஒட்டுகையில்
தசமப் புள்ளிக்கு அப்பால் நாலாம் இடத்தில்
ஓர் ஒன்றை விட்டுவிட்டார்.
நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில்
அந்த ஒன்றின் விலை பதினொரு மீட்டர்.
பட்டறைகள், பேருந்து நிறுத்தம், கால்வாய்,
எல்லாம் மேற்கே ஒதுங்கி நின்றன,
ஒன்றுக்கொன்று மிகச் சரியாக.
அதுதான் சிக்கல்.
சேர்ந்து பிசகினால் பிசகாகத் தெரியாது,
லாரி ஒன்று வந்து
கால்வாயில் ஓடும் வரை.

வியாழக்கிழமை நானும் ரோஸ்னாவும் போனோம்.
முக்காலி, ரிசீவர், ஒரே ஒரு குடை.
விளக்குக் கம்பம் இருபத்தேழின் அடியில் நின்று
வானத்தைக் கேட்டோம்.
ஏழு செயற்கைக்கோள். ஒன்பது.
கன்டெய்னர் ஒன்று உரசிக் கடந்ததும் ஐந்து.
மறுபடி முதலிலிருந்து.
மழை வந்தது, மரத்தூள் வாடையோடு.
சாலைக்கும் கால்வாய்க்கும் நடுவே
ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம்.
வேரோரம் தகரக் கூரையிட்ட சின்னச் சன்னிதி,
உரிக்காத இரண்டு ஆரஞ்சு,
ஆடை படிந்த ஒரு குவளை கோப்பி.
"இதையும் அளக்கணுமா?" என்றாள் ரோஸ்னா.
பட்டியலில் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை
கம்பம், பட்டறைச் சுவரின் மூலை, சாக்கடை மூடி
மூன்றையும் பிடித்துத் தாளைக் கிழக்கே இழுத்தேன்.
ஒரு தொழிற்பேட்டை முழுவதும்
ஓர் ஆணி கழலாமல், ஒரு ரம்பம் நிற்காமல்
பதினொரு மீட்டர் நகர்ந்தது.
வேம்பையனின் நீலக் கோடு அசையவே இல்லை.
சாலைதான் போய்
அவர் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டது.

கால்வாய்க்குள் மிச்சம் ஒன்று.
சிவப்புப் புள்ளி. பெயர்: டத்தோ கோங்.
எனக்கு முன் மூன்று பேர் குறித்திருந்தார்கள்:
தண்ணீருக்குள் கோயில். பிழை. நீக்கலாம்.
என் விரலும் நீக்குவதற்குத்தான் போயிருந்தது.
அப்போது அந்த ஆரஞ்சுகள்.

புள்ளியின் வரலாற்றைத் திறந்தேன்.
ஒன்பது வருடத்துக்கு முன், அதிகாலை ஐந்து பத்து,
பயனர்: கிம் லெங் மரக்கடை.
ஒரே ஒரு திருத்தம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
கைப்பேசியோடு அந்த வேரடியில் நின்றே
புள்ளியைக் குத்தியிருக்கிறார்.
தாள் தப்பு. அவர் சரி.
ஊரோடு ஒத்துப் போகாததால்
ஒன்பது வருடம் அந்தச் சாமி
படத்தில் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.
நான்தான் நேற்றில்லாத ஒழுங்கோடு
எல்லாவற்றையும் திருத்துகையில்
அதையும் சேர்த்து இழுத்து
முதன்முறையாக நிஜத் தண்ணீரில் இறக்கிவிட்டேன்.

தனியாகப் பிடித்து
நாலாம் இடத்தில் ஒன்றைக் கழித்தேன்.
மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.
காரணம்? என்று கேட்டது பெட்டி.
நேரில் பார்த்தேன், என்று அடித்தேன்.
போதாதாம். படம் வேண்டுமாம்.
திங்கட்கிழமை மறுபடி போகணும்.
குடை இரண்டு.

மாலையில் வேம்பையனிடமிருந்து:
"இப்ப ரோட்டுலதான் போறேன். சரி.
ஆனா ஆறரைக்கு மேல வடக்கு கேட்டைப் பூட்டிடுறாங்க.
உங்க மேப்பு இன்னும்
அது வழியாத்தான் போகச் சொல்லுது."

புதிய புகார் எண் போட்டேன்.