இரண்டு சுற்று

காலையில் ஒன்றுமில்லை.
வெள்ளவத்தையில் புறப்படும்போது
என் எண்பத்திநாலாம் ஆண்டு லான்சர்
காலை எடுத்தாலே உருளும்.
பம்பலப்பிட்டி தாண்ட ஒரு சிணுங்கல்.
கொள்ளுப்பிட்டி கலர் லைற்றில் நிற்கையில்
பெடல் காலுக்குக் கீழே கல்லாகிவிடும்.
காலிமுகத்திடலின் கடற்காற்றையும் மீறி
முன் சில்லுகளிலிருந்து
மயிர் கருகும் மணம்.

ஆறவிட்டால் சரி.
அரை மணித்தியாலம், ஒரு பிளேன்ரீ,
பிறகு எதுவும் நடக்காத முகம்.

மூன்று பேரிடம் காட்டினேன்.
தெமட்டகொடையில் ஒருவர் பேட் மாற்றினார்.
இன்னொருவர் கலிப்பர் இரண்டையும் கழற்றி,
பிஸ்டனை எமரித்தாளால் தேய்த்து,
புது றப்பர் போட்டு,
பதினெட்டாயிரம் வாங்கினார்.
மூன்றாமவர் போனட்டைத் திறக்கவேயில்லை.
"வித்துப்போடுங்கோ மிஸ்" என்றார்.

பைரூஸிடம் போனது கார்த்திகை மழையில்.
பஞ்சிகாவத்தைக்குப் பின்னால்
கழற்றிய கதவுகளை மட்டும் அடுக்கிவைத்த சந்து.
"சூட்டோட கொண்டாங்க" என்று சொல்லியிருந்தான்,
"ஆறின நோய நான் பாக்கிறல்ல."
அதற்காக மருதானையை இரண்டு தரம் சுற்றினேன்.
நெரிசலை வேண்டுமென்றே தேடிப்போனவள்
அன்று கொழும்பில் நான் ஒருத்திதான்.

ஜக் ஏற்றினான்.
வலது சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தான், அசையவில்லை.
இடதும் அப்படியே.
கோப்பையில் மிஞ்சிய தேநீரை ரிம்களில் தெளித்தான்.
இரண்டும் ஒரே சுருதியில் சீறின.
"ஒண்டு மட்டும் பிடிச்சா கலிப்பரச் சந்தேகப்படலாம்.
ரெண்டும் ஒண்டாக் கோவிச்சா
மேல ஈந்து யாரோ சொல்லிக்குடுக்கிறான்."

வலது கலிப்பரின் நிப்பிளைக்
கால் சுற்றுத் திறந்தான்.
கறுத்த பிறேக் ஒயில் பீறிட்டது.
சில்லு விடுபட்டது.
தொடாத இடது சில்லும்
மழைக்குள் தானாகக் கொஞ்சம் அசைந்தது.
நான் கைதட்டப் போனேன்.
அவன் நிப்பிளை மூடிவிட்டு
"ஹோஸும் நல்லம்" என்றான், ஏமாந்தவன் போல.

பிறகு சாரதி ஆசனத்தில் தலைகீழாகப் போனான்.
வெளியே நனைந்துகொண்டிருந்தன
இரண்டு பாதங்களும் ஒரு செருப்பும்.
பெடலை ஒற்றை விரலால் அழுத்தினான்.
முதலில் சும்மா விட்டுக்கொடுக்க வேண்டிய
அந்த அரிசியளவு தூரம்
அங்கே இல்லை.
"இந்த சுவிச்சில கை வெச்சது யாரு?"

நான்.
ஆவணியில்.
பிறேக் விளக்கு அணையாமல்
இரண்டு தரம் பற்றரி செத்தபின்,
ஒரு ஞாயிறு, பிளாட்டின் வாகனத் தரிப்பிடத்தில்,
கைத்தொலைபேசி வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு
நானே திருகினேன்.
விளக்கு அணைந்தது.
அணைந்த பிறகும்,
இருக்கட்டும் என்று,
இன்னும் இரண்டு சுற்று.

கேஸை மூடியபின் திரும்பப் போய் இறுக்குகிறவள் நான்.
மின்னஞ்சல் அனுப்பிவிட்டு
கிடைத்ததா என்று கோல் எடுக்கிறவள்.

விளக்கு முன்பு பொய் சொன்னது,
ஓடும்போதே நிற்கிறேன் என்று.
நான் திருத்திய பிறகு
பின்னால் வந்த ஒருவருக்கும் தெரியாமல்
பிறேக்கை மிதித்தபடியே ஓடியிருக்கிறேன்,
மூன்று மாதம்,
காலி வீதி நெடுக,
மிதிக்காத காலோடு.

லொக்நட்டைத் தளர்த்தினான்.
விளக்கைப் பார்க்க என்னைப் பின்னால் நிறுத்தினான்.
"பத்துதா?"
பற்றியது.
"இப்ப?"
இல்லை.
"இப்ப?"
குடைக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்நூறு வாங்கினான்.
பதினெட்டாயிரத்தைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

கொள்ளுப்பிட்டியில் பெடல்
தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.
வெள்ளவத்தையில் நிறுத்தாமல்
தெஹிவளை மட்டும் போய்த் திரும்பினேன்.

தரிப்பிடத்தில் குனிந்து
வலது ரிம்மில் உள்ளங்கையை வைத்தேன்.
மழையின் ஈரம், இளஞ்சூடு.

எதற்கும்
மற்றப் பக்கமும் போய்த் தொட்டேன்.