சேர்க்கை எண் 18,406 முதல்

ஆடிக் காற்றில்
பணகுடிக் கிளை நூலகத்தின் முன்கதவைத் திறந்தால்
திரும்ப மூட இரண்டு ஆள் வேண்டும்.
அதனால் கொல்லைப்பக்கமாகத்தான் வந்திறங்கின
நான்கு அட்டைப்பெட்டிகள்.
ஒன்றின் மேல் ‘முட்டை, கவனம்’ என்றிருந்தது.

எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று.
பட்டியலில் நூற்று நாற்பத்து நான்கு.
கடைசி வரியில் தண்ணீர் பட்டு மை கரைந்து
‘…யின் வரலாறு’ என்பது மட்டும் மிச்சம்.
எதனுடைய வரலாறோ.
அதைத் தேடியே முற்பகல் போயிற்று.

பிறகு சேர்க்கைப் பதிவேடு, ஊதா மை, முத்திரை.
தலைப்புப் பக்கத்தில் ஒரு குத்து,
ரகசியப் பக்கத்தில் ஒன்று
(எங்கள் நூலகத்துக்கு அது ஐம்பத்தொன்று.
வெளியே சொல்லிவிடாதீர்கள்).
காற்று ஒவ்வொரு அட்டையையும் எனக்கு முன்னால் புரட்டியது.
அந்துப்பூச்சி. பட்டா மாறுதல். வாழைக்கு வரும் வாடல்.
சிறுநீரகம். விண்கலத்தின் எஞ்சின்.
பக்கத்திலேயே மீன் குழம்பு.
எண்ணிட எண்ணிட
உலகம் பத்துப் பிரிவுக்குள் முழங்கை மடக்கி உட்கார்ந்தது.
கரையான் தடுப்பு நூலின் பழைய பிரதியைக்
கரையான் தின்ற வகையில் கழித்துவிட்டோம்.
புதியது இந்த முறை இரும்பு பீரோவில்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு.
புத்தகத்தைத் தொட்டதும் ஆள் முகம் தெரியும்.
தெரிந்ததும் அவர்களுக்கென்று எடுத்து
மேசைக்கடியில் ஒளித்து வைப்பேன்.

காற்றாலைக் கோபுரத்தில் ஏறி இறங்கும் சவரிராயனுக்கு
மின்னாக்கிப் பழுதுகள், படங்களுடன்.
அவன் அதைப் புரட்டாமலே திருப்பித் தந்தான்.
“அதத்தான் தினமும் பாக்கேனேக்கா.
குழம்புல உப்பு கூடிட்டா என்ன செய்யணும்னு
இதுல போட்டிருக்கா?”
அவன் மனைவி குவைத்துக்குப் போய்
ஏழு மாதம் ஆகிறது என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பீடிக்கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு
இசக்கித்தங்கம் வந்தாள்.
கொழுந்தனோடு பன்னிரண்டு வருட வழக்கு,
எட்டு சென்ட் நிலம்.
பட்டா நூலை நானே நீட்டினேன்.
“வக்கீல் படிப்பாரு, துட்டு வாங்குதாருல்ல.”
தூள் படிந்த விரல் அலமாரியில் நகர்ந்து
எஞ்சினில் போய் நின்றது.
“மலைப்பக்கம் உறுமும்போதெல்லாம்
எங்க வீட்டுப் பாத்திரம் ஆடும்.
இருவது வருசமா சத்தம் மட்டுந்தான் கேக்கேன்.
உள்ள என்னதான் எரியுதுன்னு பாக்கணும்.”

ஒருவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.
சிறுநீரகத்தை நின்றபடியே வாசித்தார்.
எடுத்துப் போகச் சொன்னேன்.
“வீட்டுல அவ கண்ணுல பட்டுரும்” என்று
இருந்த இடத்தில் சரியாகச் செருகிவிட்டுப் போனார்.
எண்பத்தெட்டாம் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது.
சின்னப் பிள்ளைகள் மடித்தால் ஏசுவேன்.
நிமிர்த்தப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

மேசைக்கடியில் ஒளித்த ஒன்பதில்
ஒன்றுகூட நான் நினைத்த ஆளிடம் போகவில்லை.
பட்டா நூலை ஒரு கல்லூரிப் பையன் தூக்கிப்போனான்.
அந்துப்பூச்சி,
நகைக்கடை இரவுக் காவலுக்கு.

ஐந்தரைக்கு மலையில் உறுமல்.
சன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்கி அடங்கியது.
பீடித்தட்டை ஒதுக்கிவிட்டு
எந்தப் பக்கத்தில் இருக்கிறாளோ.

பூட்டுமுன் பதிவேட்டைத் திறந்து
18,549 என்று பென்சிலால் எழுதினேன்.
பெயர்க் கட்டத்தில்
முதலில் சில புள்ளிகள், பிறகு
‘…யின் வரலாறு’.
குறிப்பு: இன்னும் வரவில்லை.