மேல்வீட்டு ஈரம்

முதலில் அது ஒரு ரூபாய் அகலம்.
காலண்டருக்குக் கீழே, சுவிட்ச் பெட்டிக்கு வலப்புறம்.
ஆடிக்குள் உள்ளங்கை அகலம்.
கார்த்திகையில் பெயிண்ட் உப்பி
அப்பளமாய்ப் பொரிந்தது. தொட்டால் மாவு.

தருமபுரியில் மழையைக் குற்றம் சொல்ல வழியில்லை.
போர் ஆயிரத்து நூறு அடி;
ஏறி வருவதோ
ஷவரின் கண்களை வெள்ளையாய் அடைக்கும் தண்ணீர்.
ஒகேனக்கல் தண்ணீர் வாரம் இரண்டு முறை,
அதுவும் நடுராத்திரி,
முதலில் காற்றைத் துப்பிவிட்டுத்தான் வரும்.
குடத்துக்குக் குடம் கணக்கு வைத்திருப்பவள் நான்.
என் சுவருக்குள் யாரோ
என்னைக் கேட்காமல் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

மேலே ஜெபசீலி குடியிருந்தாள்.
பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
இரவு டூட்டி முடித்து வந்து ஏழரைக்குக் குளிப்பாள்.
நான் கீழே சுவரில் காதை வைத்து நிற்பேன்.
உஸ்ஸ் என்றொரு சத்தம்.
அவள் குளித்து முடித்துத்
துணி காயப்போட மாடிப்படி ஏறும்போதும்
அந்த உஸ்ஸ் நிற்கவில்லை.
கேட்டேன்தான்.
கணக்கில் சேர்க்கவில்லை.

"உங்க பாத்ரூம் தரை ஒழுகுதும்மா."
முதல்முறை தன்மையாகத்தான் சொன்னேன்.
சொந்தக் காசில் வெள்ளை சிமெண்ட் வாங்கி
டைல்ஸ் இடுக்கெல்லாம் அடைத்தாள்.
அடுத்த மாதம் சொட்டுநீலம் வாங்கி வந்து
பாத்ரூம் தரை முழுக்க ஊற்றி
இரண்டு நாள் பூட்டி வைத்தாள்.
"பாருங்கக்கா, உங்க சுவரு நீலமாகலையே?"
"நீலம் எறங்க நாளாகும்" என்றேன்.

தை பிறந்ததும் காலி செய்தாள்.
நாற்பதாயிரம் அட்வான்ஸில்
சுவர் ரிப்பேருக்குப் பன்னிரண்டு பிடித்துக்கொண்டேன்.
எண்ணிப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள்.
"மாடியில எங்க லைன் கேட்வால்வை மூடிட்டேன்,
வீணா ஓடாது."
சாவியை என் கையில் கொடுக்காமல்
ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள்.

காலி வீட்டுக்குக் கீழேயும் சுவர் நனைந்தது.
ஒரு மாதம் அதைப் பழைய ஈரம் என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்.

இண்டூரிலிருந்து மாதையன் வந்தான்,
டிவிஎஸ் வண்டியில், யூரியா பையில் சாமான்களோடு.
டேங்க்கை நிரப்பி உட்புறம் சாக்பீஸால் கோடு போட்டான்.
எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போனான்.
வந்து பார்த்து, "நாலு விரக்கடை கம்மி" என்றான்.
பிறகு மாடு தடவுகிறவன் போலச் சுவரைத் தடவிக்கொண்டே வந்து
காலண்டரில் நின்றான்.

"இந்த ஆணி யாரு அடிச்சது?"

குறடால் பிடித்து இழுத்தான்.
தண்ணீர் நேராக என் முகத்தில் அடித்தது.

மூணு இஞ்ச் ஆணி. நுனி முழுக்கத் துரு.
"குழாயை அன்னைக்கே துளைச்சிருக்குதுங்க.
ஆணியே அடைப்பா நின்னிருக்கு.
துரு தின்னத் தின்ன
கசிய ஆரம்பிச்சிருக்கு."

கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் நாள்.
சுத்தியல் கிடைக்காமல்
கொடுவாளின் முதுகால் அடித்தேன்.
முதல் அடியில் கல், இரண்டாவதில் கல்,
மூன்றாவதில் வெண்ணெய் போல இறங்கியது.
நல்ல இடம் என்று நினைத்தேன்.
ஐந்து வருஷம், ஐந்து காலண்டர்,
அதே ஆணியில் மாட்டினேன்.
அதிலேதான் குறித்து வைத்தேன்
ஜெபசீலி எந்தெந்தத் தேதியில் அதிக நேரம் குளித்தாள் என்று.

அரை அடிக் குழாய், இரண்டு கப்ளிங், ஒரு டப்பா பசை.
கூலியோடு ஆயிரத்து எண்பது.
"சுவரு நல்லா காயட்டும்.
அதுக்குள்ள மேல எதையும் பூசி மறைச்சிடாதீங்க"
என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

சாயந்தரம் பன்னிரண்டாயிரத்தை போனில் அனுப்பினேன்.
குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது.
'ஆணி' என்று எழுதி அழித்தேன்.
'மன்னிச்சுக்கோம்மா' எழுதி,
அதையும் அழித்து, வெறுமனே அனுப்பினேன்.

டூட்டியில் இருந்திருப்பாள்.
காலை ஏழரைக்கு பதில் வந்தது.

"நீலம் எறங்கிடுச்சாக்கா?"