மூன்றாவது வெள்ளரிப்பழம்

எழுபத்தொன்பதாம் வருடத்து ஜீப்.
அரசு ஏலத்தில் எடுத்தது.
கதவில்லை, கூரையில்லை.
இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் ரோல் பார் மட்டும் புதுசு,
ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் பற்றவைத்தது.
கவிழ்ந்தால் காப்பாற்றும் என்று சொல்லித்தான்
திருத்துறைப்பூண்டிப் பட்டறைக்காரர் காசு வாங்கினார்.

கவிழவில்லை.
அடப்பாற்றங்கரையில் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.
அமலோற்பவத்தின் தலை பின்னால் போய்
டங்கென்றது.
கோயில் மணி மாதிரி, என்று சிரித்தேன்.
தலைஞாயிறு வரும்வரை
மடியிலிருந்த இறால் தீவன மூட்டையின் எழுத்தைப்
படித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை
அவள் சீப்பு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.
நெல்லிக்காய் அளவு.
நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

நாகப்பட்டினத்தில் விலை கேட்டேன்.
அசல் உறை மூவாயிரத்து இருநூறு,
வர பதினைந்து நாளாகும்.
எங்கள் குளத்தில் அப்போது வெண்புள்ளி நோய்;
ஒதுங்கிய இறாலை அரித்து அரித்துப் புதைத்துக்கொண்டிருந்தோம்.

ஏசி மெக்கானிக் அன்வர்தீன் கடையில்
செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரைக்குழல்,
இரண்டு, இருநூற்று நாற்பது.
பிளேடால் நீளவாக்கில் கீறி மாட்டினேன்.
பார்க்க என்னமோ அழகுதான்.
தலைக்கு ஈடாக எதை மோதிப் பார்ப்பது?

சந்தையில் வெள்ளரிப்பழம்,
வெடித்துவிடாமல் வாழைநாரில் கட்டிவைத்திருந்தார்கள்.
கட்டை அவிழ்த்து
இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி ஒன்று.
நுரை வழிவிட்டது, இரும்பு வந்து நின்றது.
விதையும் சாறும் கியர் கம்பியில் வழிய
சட்டையால் துடைத்தேன்.

இரண்டாவது பழத்துக்கு
பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட சைக்கிள் டியூபை
நாடா நாடாக வெட்டி
பல்லைக் கடித்து இறுக்கிச் சுற்றினேன்.
இறுக்கினால் கெட்டிப்படும் என்று ஒரு கணக்கு.
நசுங்கி ஒல்லியானதுதான் மிச்சம்.
இந்தப் பழத்தை
யார் வீட்டு ஆடோ வந்து தின்றுவிட்டுப் போனது.

பிறகு ஆறுகாட்டுத்துறையில்
படகுக்கார எப்ரேமிடம் ஒரு கிழிந்த மிதவைச் சட்டை.
ஐம்பது ரூபாயும், பிழைத்த இறாலில் அரைக்கிலோவும்.
உள்ளே அடர்ந்த வெள்ளைப் பலகை;
நகத்தால் அழுத்தினால்
யோசித்து யோசித்து எழுந்து வருகிறது.
விரலகலத்துக்கு வெட்டி
இரும்பைச் சுற்றி வரிசையாக நிறுத்தி,
மேலே கறுப்பு நுரை,
அதற்கு மேல் டியூப், இந்த முறை பாதி இழுவையில்.
கடைசியாக கேபிள் டை, அறுபது ரூபாய்.
அதன் தலைகளை முதலில் முன்பக்கமாக வைத்துவிட்டேன்;
அவள் காதை நினைத்து
எல்லாவற்றையும் அறுத்து
மறுபடி பின்பக்கமாகக் கட்டினேன்.

மூன்றாவது பழம்.
தப்.
இன்னும் ஓங்கி.
தப்.
தோலில் மயிரிழை விரிசல் ஒன்று, அதற்குமேல் இல்லை.

"பழத்தை எதுக்கு அடிக்கிறீங்க?"
வலையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தாள்.
"பழுத்திருக்கான்னு பாக்குறேன்."
வாங்கிக்கொண்டு போனாள்.
நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து
இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.
ரப்பர் சுற்றிய கம்பியை
மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.
தின்றோம்.

மொத்தம் முந்நூற்று ஐம்பது.
பழங்களைச் சேர்ப்பதா கூடாதா என்று
நோட்டில் இன்னும் முடிவாகவில்லை.
கவிழ்ந்தால் இது போதாதென்றும் எனக்குத் தெரியும்;
வேகத்தை முப்பதுக்குள் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை அதே கரை.
பள்ளம் வருவதற்கு முன்பே பிரேக்கில் கால் வைத்தேன்.
"போங்க," என்றாள்.
போனேன்.
தப்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
வாய்க்காலில் ஒரு கொக்கு ஒற்றைக் காலை மாற்றியது.
"வெயிலேறினா ரப்பர் நாறுது,"
என்று சொல்லிவிட்டு
தலையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.